சேது என்னும் எழுத்தும் விடைக்காசும்

திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்ற காலத்தில், அடியார்க்கு அமுதூட்டுதற்பொருட்டு இறைவன் திருநாவுக்கரசருக்கும் திருஞானசம்பந்தருக்கும் நாடோறும் படிக்காசு அருளிய வரலாற்றைச் சைவ உலகம் நன்கறியும். விரைந்து படிப்போர் கடந்துபோகும் நுண்செய்தி ஒன்று அவ்வரலாற்றில் உண்டு. நாவரசர் பெற்ற காசு கடைத்தெருவில் தடையின்றிச் சென்றது. பிள்ளையார் பெற்ற காசுக்கோ வணிகர் வாசி கேட்டனர். வாசியாவது, காசின் மாற்றுக் குறைவுக்கு ஈடாகக் கழிக்கும் வட்டம். அதனாற் பிள்ளையார் திருமடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. பின்னர்ப் பிள்ளையார் பதிகம் பாடி வேண்ட, வாசியில்லாக் காசு அருளப்பெற்றது என்பது புராணம். மிழலை வணிகர், காசு யார் கையினின்று வந்தது என்று நோக்கினாரல்லர், காசையே நோக்கினர்.

பழங்காசை ஆராய்வோர்க்கும் அந்நோக்கே வேண்டுவது. வணிகர் மாற்றறிய நோக்கினர். ஆராய்வோர் அக்காசுக்கு உரியவரை அறிய நோக்குவர். திருப்பணிக்கென வானம் தோண்டும்போதும், திருக்குளம் தூர்வாரும்போதும், தோட்டத்து மண்ணைக் கொத்தும்போதும் களிம்பேறிய செப்புக் காசுகள் வெளிப்படுதல் உண்டு. உடனே சூழ நின்றார் வாயினின்று எழும் வினா, “இது யார் காசு?” என்பதே. விடையும் உடனே வந்துவிடும். உருவம் நின்றால் இராசராசன் காசு. எழுத்து ஆங்கிலமாயின் வெள்ளைக்காரன் காசு. இங்ஙனம் விரைந்து உரைத்த விடையால், ஓர் அரசமரபே தன் காசை நெடுங்காலம் இழந்து நின்ற வரலாறு ஒன்றுண்டு. அதுவே யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசு.

அக்காசின் அமைதி இது. பெரும்பாலும் செம்பாலாயது, வட்ட வடிவினது. ஒருபுறம் நின்ற கோலத்தில் ஓர் உருவம். அதன் அருகே விளக்குகள். உருவமென்று கூறினும், சிற்பியின் உளி செதுக்கிய திருமேனி போல் அஃது இராது. கண்ணும் மூக்கும் தோளும் இடையும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் குறுகி நிற்கும். பழகாத கண்ணுக்கு ஆளென்றே தோன்றாது. மறுபுறத்தைக் கண்டாற் சைவர் உள்ளம் ஒருகணம் நின்றுவிடும். அங்கே கால்மடித்துக் கிடக்கும் விடை, அதன்மேல் இளம்பிறை, அடியில் இரண்டே தமிழெழுத்து, இவையனைத்தையுஞ் சூழப் புள்ளிகளாலாய வட்டம். திருக்கோயிலின் நந்தி மண்டபத்தைச் சிறுவிரல் நகத்தளவிற் சுருக்கி வைத்தாற் போன்றது அக்காட்சி.

அவ்விரண்டெழுத்தைப் படித்தலிலும் ஒரு முறை அறிந்திருத்தல் வேண்டும். இக்காலத்துத் தமிழ் எழுதப் பழகியவர் அதனைச் ‘செது’ என்றே படிப்பர். பொருள் தோன்றாது மயங்குவர். எகர ஏகார வேறுபாட்டைக் காட்டும் இரட்டைச் சுழிக் கொம்பு பழைய எழுத்தில் இல்லை. நெட்டெழுத்துக்கும் குற்றெழுத்துக்கும் ஒரே கொம்புதான். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிற் செய்த திருத்தத்துக்குப் பின்னரே இன்று நாம் எழுதும் வேறுபாடு வழக்கில் நிலைபெற்றது. ஆகவே காசிலுள்ள சொல் ‘சேது’ என்பதே. எழுத்தறிந்தோர்க்கு இது சிறு செய்தி. ஆயினும் ஒரு சுழி இல்லாமை கண்டு காசையே ‘பொருளற்றது’ என ஒதுக்கியோரும் இருந்திருப்பர்.

சேது என்றாலோ, தமிழகத்தார் நினைவுக்கு முதலில் வருவோர் இராமநாதபுரத்துச் சேதுபதிகள். சேதுவணையைக் காத்தலும், இராமேச்சுரம் செல்லும் வழிப்போக்கர்க்கு அறம் செய்தலும் அவர்தம் பெருங்கடன். ஆதலின், 19ஆம் நூற்றாண்டில் தென்னாட்டுக் காசுகளைத் திரட்டத் தொடங்கியோர் இவ்விடைக்காசை எடுத்துச் சேதுபதிகளின் பெயரில் எழுதி வைத்ததில் வியப்பில்லை. சொல் ஒன்று, அச்சொல்லுக்கு உரியராய்க் கண்ணெதிரே நின்ற மரபும் ஒன்று. வேறு தேடுவானேன் என்று அமைந்தனர். குறை அவர்தம் நேர்மையில் அன்று. ஒரு சான்றோடு நின்றுவிட்டமையிலே உள்ளது.

அவ்வுரிமை நில்லாது என்பதைக் காசின் மேனியே காட்டும். நின்ற உருவத்தை ஒருபுறம் பொறிக்கும் இம்முறை முதலாம் இராசராசன் காலத்திற் பரந்து வழங்கியது. அவன் காசில் மறுபுறம் அமர்ந்த உருவம். அதன் கையருகே நாகரி எழுத்தில் அவன் பெயர். ஈழத்திற் சோழர் ஆட்சி அகன்ற பின்னும் அக்காசின் சாயல் அகலவில்லை. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), அவனுக்குப் பின்வந்த நிச்சங்கமல்லன், அரசியாய் அமர்ந்த லீலாவதி முதலியோர் அனைவரும் அதே நின்ற உருவத்தையும் அமர்ந்த உருவத்தையும் வைத்து, பெயரை மட்டும் மாற்றிக் காசடித்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆண்ட முதலாம் புவனேகபாகு வரை அவ்வரிசை தொடர்கின்றது. வென்ற நாட்டில் சோழன் விட்டுச்சென்ற காசுமுறையை, அவனை வெறுத்தோரும் விடாது பற்றியது எதனால் எனின், சந்தையிற் பழகிய முகத்தை மாற்ற எவ்வரசனும் அஞ்சுவான் என்க.

சேதுக் காசை இவ்வரிசையருகே வைத்துப் பார்த்தால் உறவு விளங்கும். நின்ற உருவம் அதே உருவம்; அளவும் வார்ப்பும் அக்குடும்பத்தனவே. மாறியது மறுபுறம் மட்டும். அமர்ந்த உருவம் இருந்தவிடத்தில் விடை வந்து படுத்தது. நாகரி எழுத்து நின்றவிடத்தில் தமிழெழுத்து நின்றது. ஆகவே இது பொலனறுவைக் காசுகளுக்குத் தம்பி முறையினது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தொடங்கியிருத்தல் வேண்டும். சேதுபதி மரபோ, முத்துக்கிருட்டிணப்ப நாயக்கர் காலத்தில், ஏறத்தாழ 1605இல், சடைக்கத்தேவர் தலைமையிலேயே வரலாற்றில் தெளிவுறத் தோன்றுகின்றது. அதன் பழமையை அதற்கும் முன்னே கொண்டு செல்வாருமுளர். செல்லினும், காசுக்கு வேண்டிய சான்று அங்கே கிட்டுவதில்லை. அன்றியும் சேதுபதிகள் தம் பெயர் பொறித்து வெளியிட்ட காசுகள் தனியே உள. அவை சிறியன, தடித்தன. ‘சேதுபதி’ என்றே எழுத்துடையன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எவரும் ஓர் அக்கசாலையின் மக்கள் என்று சொல்லார். கொடியும் ஒவ்வாது. சேதுபதிகளின் செப்பேடுகள் அவரை அனுமக்கொடியும் கருடக்கொடியும் உடையராகக் கூறும். விடைக்கொடி யாருடையது?

இவ்வினாவுக்கு விடை யாழ்ப்பாணத்து நூல்களில் இருந்தது. சிங்கையாரியர் என்றும் ஆரியச்சக்கரவர்த்திகள் என்றும் பெயர்பெற்ற அம்மன்னர், செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை மாறிமாறிச் சூடி ஆண்டவர்கள். அவர்தம் அவையிலெழுந்த செகராசசேகரமாலை என்னும் சோதிட நூலின் சிறப்புப்பாயிரம், அம்மரபை இராமேச்சுரத்து வேதியர் குலத்தொடு இணைத்துக் கூறுகின்றது. சேதுவைக் காப்போர் என்றும் விடைக்கொடியோர் என்றும் அவரைப் போற்றுதல் அந்நூல் வழக்கு. சேதுவும் விடையும் ஒருங்கே உரிமையாயிருந்த அரசு அஃது ஒன்றே.

ஆயினும் நூலில் உள்ளதை மண்ணில் உள்ளதனோடு பொருத்திக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. அப்பணியைச் செய்தவர் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர். 1920இல் இலங்கையில் வெளிவந்த ஆராய்ச்சி இதழொன்றில், யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்கள் என்னும் பொருள்பட அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையே இக்காசுகளை உரியவரிடம் சேர்ப்பித்தது. இக்காசுகள் வட ஈழத்து மண்ணிலேயே மிகுதியாகக் கிடைப்பதும், அங்கு ஆண்டோர் விடைக்கொடியினர் என்பதும், சேது என்பது அவர்தம் குலமொழி என்பதும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. 1924இல் ஈழத்து நாணயங்கள் பற்றிப் பெருநூல் எழுதிய காட்றிங்டனும் இவற்றை ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளாகவே வகுத்தார். முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பழைய யாழ்ப்பாணம் பற்றிய நூல் அதனை மேலும் வலியுறுத்திற்று.

ஞானப்பிரகாசர் கத்தோலிக்கக் குருவானவர். சமயப் பூசல்களிற் சைவர்க்கு எதிர்நின்று எழுதியவர். சைவ மன்னரின் நந்திக் காசைச் சைவர் மறந்திருந்த வேளையில் அவரே எடுத்துத் துடைத்து, ‘இஃது உங்களுடையது’ என்று தந்தார். கொள்கையில் மாறுபட்டோராயினும் இந்நன்றியை மறத்தல் நம்மவர்க்கு அழகன்று.

மூன்றாவது சான்று கல்லில் வந்தது. கேகாலை மாவட்டத்துக் கொட்டகம என்னும் ஊரிற் கண்டெடுத்த தமிழ்க் கல்வெட்டொன்று, சிங்கையாரியன் ஒருவனின் வெற்றியைப் பாடும் செய்யுள் வடிவினது. தொல்பொருளாளர் பெல் 1892இல் வெளியிட்ட கேகாலை மாவட்ட அறிக்கை வழியே அஃது அறிஞர் பார்வைக்கு வந்தது. யாழ்ப்பாணத்திற்கு நெடுந்தொலைவில், சிங்கள நாட்டின் நடுவே நிற்கும் அக்கல்லின் தலைப்பில் வேறொரு மங்கல மொழியும் இல்லை. ‘சேது’ என்பதே உள்ளது. சைவர் ஓலை எழுதுமுன் பிள்ளையார் சுழி இடுதல் போல, அம்மன்னர் எதைத் தொடங்கினும் சேது என்று தொடங்கினர் போலும். காசிலும் கல்லிலும் ஒரு சொல்லே முத்திரையாய் நிற்றலைக் கண்டபின் ஐயத்துக்கு இடம் ஏது?

ஈண்டு எதிர்வழக்குரைப்பார் ஒன்று கேட்கலாம்: கிடைத்த இடத்தைக் கொண்டு ஆண்டவரைத் துணிதல் தகுமோ? தனியே தகாது என்பதே விடை. புதுக்கோட்டையைச் சார்ந்த கருக்காக்குறிச்சியில் 1898இல் ஒரு கலத்தில் 501 உரோமப் பொற்காசுகள் வெளிப்பட்டன. அதனால் உரோமர் புதுக்கோட்டையை ஆண்டார் என்று எவரும் சொல்லார். அக்காசுகளிற் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது; காசாகச் செல்லாமற் பொன்னாகவே கொள்ளப்படுதற்கு இட்ட வெட்டு என்று அறிஞர் பலர் கருதுவர். யாப்பகூவாவிற் சீனக் காசுகள் கிடைத்தன. சீனர் அங்கு முடிசூடினாரல்லர். பொன்னும் வெள்ளியும் கடல் கடந்து செல்லும் இயல்பின. மதிப்புக் குறைந்த செப்புக் காசு பெரும்பாலும் தான் பிறந்த சந்தையைவிட்டு அகலாது. அங்கேயே கைமாறி, அங்கேயே தேய்ந்து, அங்கேயே தொலையும். ஆதலாற்றான் செப்புக் காசுகள் ஓரிடத்தே நூற்றுக்கணக்கிற் கிடைத்தல், பொற்காசுக் குவியலினும் வலிய சான்றாகின்றது. எழுத்து ஒன்று, வடிவம் இரண்டு, கிடைத்த இடம் மூன்று. இவற்றுள் ஒன்றைக் கொண்டு துணிந்தவர் தவறினர். மூன்றையும் பொருத்தியவர் தெளிந்தனர்.

இனி, இக்காசு எம்மன்னன் வெளியிட்டது எனின், அவ்வளவில் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. சோழன் தன் பெயரைக் காசில் இட்டான். பொலனறுவையார் தம் பெயரை இட்டனர். லீலாவதி அரசியும் தன் பெயரைப் பொறிக்க மறந்தாளில்லை. ஆரியச்சக்கரவர்த்திகளின் விடைக்காசிலோ மன்னன் பெயர் இல்லை. இறைவன் ஊர்தியும், காக்கும் அணையின் பெயரும் மட்டுமே உள்ளன. பக்தியினாற் பெயரை மறைத்தனர் என்று உரைக்க உள்ளம் விழையும். அதற்குச் சான்றில்லாமையால் உரைத்தலாகாது. 15ஆம் நூற்றாண்டிற் கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு தன் காசில் அரிமாவைப் பொறித்துப் பெயரையும் உடன் பொறித்தான். வடக்கே விடை, தெற்கே அரிமா. இரண்டும் ஒரே நின்ற உருவத்தின் மறுபுறத்தே கிடந்தன என்பது எண்ணத்தக்கது.

அம்மரபின் நிலை சிறிதன்று. 1344இல் ஈழம் வந்த இப்னு பதூதா என்னும் அரபு நாட்டு யாத்திரிகர், புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு பேசியதையும், அவனிடமிருந்த முத்துக்களையும், கரையிற் குவிந்த கறுவாவையும் எழுதிவைத்தார். 1450 அளவிற் கோட்டையரசனின் படைத்தலைவனாய் வந்த சப்புமல் குமாரயன் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். 1467இற் கனகசூரிய சிங்கையாரியன் மீட்டான். 1560இற் பறங்கியர் முதன்முறை பெரும்படையொடு வந்தனர். 1591இல் மீண்டும் வந்தனர். 1619இல் அரசு வீழ்ந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. குடாநாட்டுக் கோயில்கள் பலவும் அவ்வாறே தரைமட்டமாயின. அவற்றின் கற்கள் கோட்டை மதிலுக்கும் பிற கட்டடங்களுக்கும் சென்றன. தஞ்சையிலும் திருவாரூரிலும் கோயிற் சுவரே வரலாற்றேடாய் நிற்கின்றது. ஒரு நந்தா விளக்குக்கு எத்தனை ஆடு, எத்தனை ஈழக்காசு என்பதுவரை அங்கே படிக்கலாம். யாழ்ப்பாணத்தில் அந்தச் சுவரே இல்லை. ஆண்டவரின் அரண்மனை ஓலைகளும் இல்லை. இடிப்பவர் கைக்கு எட்டாமல் எஞ்சியது மண்ணுக்குள் விழுந்த செப்புக் காசு ஒன்றுதான். பிற நாட்டில் நாணயம் கல்வெட்டுக்குத் துணைச்சான்று. யாழ்ப்பாணத்தில் அதுவே பல இடங்களில் முதற்சான்று. பூநகரி வட்டாரத்தையும் பிறவிடங்களையும் நடந்து ஆராய்ந்த பேராசிரியர் புஷ்பரட்ணம் போன்றோர், கிடைத்த காசுகளை இடங்குறித்துத் தொகுத்த பயனாற் பிற்காலத்தில் வரலாறு மேலும் விரிந்தது.

ஆகலின், காசு கிடைத்த இடத்தை இழத்தல் காசையே இழத்தலோடு ஒக்கும். இக்காலத்தில் அவ்விழப்பை விரைவுபடுத்தும் கருவி ஒன்று வந்துள்ளது. உலோகம் காட்டும் கருவி என்பர். அதன் வளையத்தினின்று எழும் காந்தப்புலம் மண்ணிற்குட் புகுந்து, அங்குள்ள உலோகத்தில் மின்னோட்டத்தை எழுப்ப, அதனையறிந்து கருவி ஒலிக்கும். வட ஈழத்தார் இக்கருவியை மிகுதியாகக் கண்டது, 2009இற் போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றிய தொழிலாளர் கையில். உயிர் காத்த கருவி அது, குற்றம் கருவியினிடத்தன்று. புதையல் வேட்கையர் கையிற் சேரும்போது நேர்வது வேறு. அக்கருவி செம்புக்கு ஒலிக்கும், இரும்புக்கு ஒலிக்கும். காசருகே கிடக்கும் பானையோட்டுக்கும், கரிக்கும், செங்கற்றுண்டுக்கும், சாம்பற் படிவுக்கும் ஒலியாது. ஒலித்த இடத்தைப் பிளந்து காசை மட்டும் பிடுங்கியெடுத்தால், அதன் காலத்தைச் சொல்லவல்ல ஏனையவெல்லாம் கலைந்தொழியும். பின்னர் அக்காசு நகரத்து வணிகன் பெட்டியில் வேறூர்க் காசுகளோடு கலந்து கிடக்கும். சேதுக் காசுகள் அனைத்தும் முதலிலேயே அங்ஙனம் கலந்துபோயிருப்பின், ஞானப்பிரகாசர் எதனைக் கொண்டு வாதிட்டிருப்பார்? சேதுபதிகளின் காசென்னும் பழைய துணிபே இன்றும் நிலைத்திருக்கும்.

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, உரிய அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்தல் குற்றம். தமிழகத்தில் 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும். பத்து ரூபாய் என்னும் அளவு அக்காலத்துக்குப் பெரிது. இக்காலத்தில் ஒரு செப்புக் காசும் அதனைக் கடக்கும். சட்டம் ஒருபுறமிருக்க, அறியாமையாற் சிதைவனவே மிகுதி.

மண்ணிற் கிடைக்கும் வட்டமெல்லாம் காசும் அன்று. இராமர் பட்டாபிடேகக் காட்சி பொறித்த பொன், பித்தளை வில்லைகள் பல வீடுகளிற் பூசையில் உள்ளன. அவற்றை விசயநகரக் காசென்றும், அதனினும் பழையதென்றும் பெரும்பொருள் கொடுத்து வாங்கி ஏமாறினோர் உளர். அவை கடைவீதியிற் செலவிட்ட நாணயங்கள் அல்ல, வழிபாட்டுக்கென்று வார்த்தவை, அவற்றிற் பொறித்த பழைய ஆண்டெண்ணையும் நம்புதற்கில்லை. கந்தரோடையிலும் பிறவிடங்களிலும் கிடைக்கும் நீள்சதுரச் செப்புத் தகடுகள் வேறொரு வகையின. அவற்றில் இருபுறமும் யானைகள் நீர் சொரியத் திருமகள் நிற்பாள். மறுபுறம் கோலின்மேற் சுவத்திகம் இருக்கும். நீதிபதி பவுல் பீரிஸ் 1917, 1919ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத் தொல்பொருள்கள் பற்றி எழுதிய கட்டுரைகள் கந்தரோடையின் பழமையை உலகறியச் செய்தன. அத்திருமகட் டகடுகள் நாணயமோ, காப்பாக அணிந்தனவோ என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஒல்லாந்தர் கும்பினிக் காசுகளோ எங்கும் மலிந்து கிடப்பன. அவற்றில் வீ என்னும் பெரிய ஆங்கில எழுத்தின் இரு கைகளிலும் ஓ, சீ என்பன பின்னிக் கிடக்கும். அது கும்பினிப் பெயரின் முதலெழுத்துக்கள், வ. உ. சிதம்பரனார் பெயர் என்று தமிழகத்து நாட்டுப்பற்றாளர் எவரேனும் மகிழ்ந்தால், அம்மகிழ்ச்சியைக் கெடுக்கத்தான் வேண்டும்.

திருப்பணி செய்வார்க்குத் தனியே உரைக்க வேண்டுவதும் உண்டு. திருமேனியை நிலைபெறுத்தும்போது பீடத்தின்கீழ் மணியும் பொன்னும் காசும் இடுதல் ஆகம வழக்கு. பழைய பீடத்தைப் பெயர்த்துப் புதுப்பிக்குங்கால் அக்காசுகள் வெளிப்படும். அவை தவறி விழுந்தனவல்ல. முன்னோர் அறிந்து வைத்த ஆண்டுக்குறிப்பு. பீடத்தின்கீழ் ஒரு சேதுக் காசு இருந்தால், அப்பீடம் அக்காசினும் பழையதாதல் இயலாது. பின்னையது எத்துணை ஆண்டு பின்னையது என்பதை அக்காசின் தேய்வைக்கொண்டு ஒருவாறு உய்த்துணரலாம். அன்று அடித்தாற் போன்ற காசும், நெடுங்காலம் கைமாறி முகம் அழிந்த காசும் ஒரே விடை கூறா. எத்தனையோ திருக்கோயில்களில் ‘மிகப் பழையது’ என்னும் ஒரு சொல்லொடு நின்றுவிடும் தலவரலாறு, இத்தகைய ஒரு காசினால் உறுதிபெறக்கூடும். ஆயின் அவை பெரும்பாலும் புதிய பொற்காசுகளோடு சேர்ந்து மீண்டும் பீடத்துள்ளே போய்விடுகின்றன. அல்லது உண்டியலைச் சேர்கின்றன. அல்லது தொழிலாளர் மடியிற் போகின்றன. மீண்டும் பீடத்திலே இடுதல் முறையே. இடுமுன் இருபுறமும் படமெடுத்து நிறுத்துக் குறித்துக்கொண்டால் முறைக்கு யாதொரு குறையும் வாராது.

மற்றொரு கேடு புளி. செப்புக் குடத்தையும் விளக்கையும் புளியிட்டுத் துலக்கிப் பழகிய கை, பழங்காசையும் புளியிட்டே துலக்கும். சாம்பலும் செங்கற்பொடியும் உடன் சேரும். காசு பொன்போல ஒளிரும்; விடையின் திமிலும் பிறையும் எழுத்தும் அவ்வொளியிலே கரைந்துபோகும். பச்சைக் களிம்பென்று வெறுக்கும் அப்படலமே நூற்றாண்டுகளாக எழுத்தைக் காத்த போர்வை. ஒட்டிய மண் தானாக உதிருமளவு உலரவிட்டு, மெல்லிய மயிர்த்தூரிகையால் தட்டுதல் போதும். அதற்குமேற் செய்ய வேண்டுவது அருங்காட்சியகத்து வல்லுநர் தொழில்.

காசு ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளுறையில் இட்டு, உறையின்மேல் எழுத வேண்டுவன சிலவே: கிடைத்த நாள், எத்தனை அடி ஆழம், உடன் கிடந்த ஓடு, செங்கல், கரி முதலியன எவை, கருவறையின் கீழா, மடைப்பள்ளியருகா, திருக்குளத்துப் படியிலா, ஈசானிய மூலைக் கிணற்றடியிலா என்பது. காசின் பெயர் தெரியாவிட்டால் அதை வெற்றிடமாகவே விட்டுவிடலாம். பின்னால் வருவோர் நிரப்பிக்கொள்வர். இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டால், அதனை நிரப்புவார் எக்காலத்தும் வரமாட்டார்.